அரை கிராமை ஒளித்து வைக்கும் எடை மிஷின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த எடை மிஷினை நான் திருப்பி அனுப்பவில்லை. மகள்தான் இரண்டு முறை பெட்டியில் போட்டு டேப் ஒட்டினாள். இரண்டு முறையும் டேப்பைப் பிரித்து எடுத்தவன் நான். அதனால் இதை ஒரு நடுநிலையான விமர்சனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த மிஷின் மேல் எனக்குக் கோபமும் உண்டு, கொஞ்சம் பாசமும் உண்டு.

கம்பெனி பெயர் எழுதவில்லை. அச்சு அசலாக இதே மிஷினை நாலைந்து பெயர்களில் பார்த்துவிட்டேன். அடையாளம் சொன்னால் போதும். சதுரமான கண்ணாடித் தட்டு, 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் படி, நான்கு பொத்தான்கள். அவற்றில் ஒன்று எண்ணும் பொத்தான். அந்த ஒரு பொத்தானுக்காகத்தான் வாங்கினோம், வீட்டில் நடந்த சண்டைகளில் பெரியதும் அதனால்தான்.

மகள் கண்ணாடிப் பாசிமணி விற்கிறாள். மொத்தமாக வாங்கி, பொட்டலத்துக்கு 500 மணி என்று பிரித்து, கோக்கிறவர்களுக்கு அனுப்புவாள். கையால் எண்ணி மாளவில்லை. எண்ணும் வசதி உள்ள மிஷினில் வேலை சுலபம். பத்து மணியை எண்ணித் தட்டில் வைத்து, '10' என்று சொல்லிக் கொடுத்தால், ஒரு மணியின் எடையை மிஷினே கணக்கிட்டுக்கொள்ளும். அப்புறம் கொட்டக் கொட்டத் திரையில் கிராமுக்குப் பதில் எண்ணிக்கை ஓடும். 500 வந்ததும் நிறுத்த வேண்டியதுதான். முதல் நாள் பார்த்தபோது எனக்கே வாய் பிளந்துவிட்டது.

நான் ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகள் கையில் வெர்னியரையும் திருகு அளவியையும் கொடுத்து, "மீச்சிற்றளவு என்ன, அதை முதலில் சொல்லு" என்று கேட்டே தொண்டை போனவன். வெர்னியரில் 0.01 செ.மீ., திருகு அளவியில் 0.01 மி.மீ. அதற்குக் கீழே கருவிக்குக் கண் தெரியாது. இவ்வளவு தெரிந்தவன், ஒரு கிராமுக்குக் கீழே கண் தெரியாத மிஷினை வைத்துக்கொண்டு கால் கிராம் மணியை எண்ண உட்கார்ந்தேன் பாருங்கள், அதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சண்டை ஆரம்பித்தது எண்ணிக்கையில்கூட இல்லை, எடையில்தான். நிரப்பிய மூன்று பொட்டலங்களை மகள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மூன்றும் 150 கிராம். மூன்றையும் சேர்த்து வைத்தாள். 451.

"அப்பா, இது கோளாறு மிஷின். மூணு நூத்தி அம்பது நானூத்தி அம்பதுதானே? அந்த ஒரு கிராம் எங்கேருந்து வந்துச்சு?"

அன்றைக்குத்தான் முதல் டேப்.

எங்கிருந்தும் வரவில்லை, அது முதலிலிருந்தே பொட்டலங்களுக்குள்தான் இருந்தது. ஒவ்வொன்றும் 150.3 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசமம் காட்டத் தெரியாத மிஷின் அதை 150 ஆக்கிவிடும். மூன்றையும் சேர்த்தால் 450.9, அதை 451 ஆக்கும். இரண்டும் சரியான விடைதான். திரையில் 150 என்று வந்தால் உள்ளே 149.5-க்கும் 150.5-க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். அந்த அரை கிராம் மேலும் கீழும் எப்போதும் கூடவே இருக்கிறது, திரையில் எழுத இடமில்லை, அவ்வளவுதான். தனித்தனியாக முழுமையாக்கிவிட்டுக் கூட்டுவதும், கூட்டிவிட்டு முழுமையாக்குவதும் ஒன்றல்ல. மூன்று பொட்டலத்தில் ஒரு கிராம் வித்தியாசம் என்பது கோளாறே இல்லை, ஒன்றரை கிராம் வரை வர உரிமை உண்டு. எடை மிஷினைப் பற்றிக் கேட்கும் புகார்களில் பாதி இந்த ரகம்தான். மகள் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் டேப்பைப் பிரிக்க விட்டாள்.

அடுத்த பிரச்சினைதான் நிஜமான பிரச்சினை. ஒரு பையில் 10,000 மணி இருந்தது. 500 வீதம் போட்டால் 20 பொட்டலம் வர வேண்டும். 17 நிரம்பியது, 18-வது பாதி தாண்டியதும் பை காலி. மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். எங்கும் சிந்தவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கையால் எண்ணினேன். 560. மிஷின் 500 என்று சத்தியம் செய்த பொட்டலம். அதற்கு முன் இப்படி அனுப்பிய பொட்டலங்கள் எத்தனையோ. வாங்கியவர்கள் ஒருவராவது "அறுபது மணி கூடுதலா வந்திருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டுமே? ஒரு குரல் இல்லை. சரி, அது மனித இயல்பு, அதற்கு மிஷின் என்ன செய்யும்.

காரணத்தைப் பிடிக்க எனக்கு ஒரு நம்பகமான எண் வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆயிரம் மணியைக் கையால் எண்ணி மொத்தமாக நிறுத்தேன். 268 கிராம். ஆக, ஒரு மணி 0.268 கிராம். இதிலும் அரை கிராம் ஒளிந்திருக்கிறதுதான். ஆனால் அந்த அரை கிராமை ஆயிரம் மணிகள் பங்கு போட்டுக்கொள்வதால், ஒரு மணிக்கு வருவது 0.0005. அதாவது 0.2675 முதல் 0.2685 வரை. அது போதும்.

இப்போது பத்து மணியை வைத்தால் என்ன ஆகும்? உண்மை எடை 2.68 கிராம். திரையில் 3. மிஷின் அந்த 3-ஐப் பத்தால் வகுத்து, ஒரு மணி 0.3 கிராம் என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. 500 மணிக்கு 150 கிராம் கேட்கிறது. உண்மையில் 500 மணி 134 கிராம்தான். மிச்சம் 16 கிராம், கிட்டத்தட்ட அறுபது மணி. ஆரம்பத்தில் மிஷின் விழுங்கிய பொய் வெறும் 0.32 கிராம். பத்து மணியிலிருந்து 500-க்குப் போகும்போது அந்த 0.32-ம் ஐம்பது மடங்கு பெருகி 16 ஆகிவிட்டது. எண்ணைப் பெருக்கினால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழையும் கூடவே பெருகும். ஆய்வுக்கூடத்தில் இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒரு சந்தேகம். மிஷின் உள்ளே நிஜமாகவே 3-ஐத்தான் பயன்படுத்துகிறதா, இல்லை 2.68 என்று தெரிந்துகொண்டு நமக்கு மட்டும் 3 என்று காட்டுகிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்னிடம் எம்1 என்ற துல்லிய வகுப்பைச் சேர்ந்த எடைக்கற்கள் ஒரு பெட்டி இருக்கிறது, சொந்தக் காசில் வாங்கியது. அந்த வகுப்பில் 100 கிராம் கல்லுக்கு அனுமதித்த பிழை 5 மில்லிகிராம் கூடக் குறைய, 500 கிராம் கல்லுக்கு 25 மில்லிகிராம். நாம் தேடும் அரை கிராம் என்பது 500 மில்லிகிராம், ஆகவே கற்களை நம்பலாம். பத்து மணியை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மணிகளை எடுத்து 200-ம் 100-ம் சேர்த்து 300 கிராம் கல்லைத் தட்டில் வைத்தேன். மிஷின் உள்ளுக்குள் 2.68 வைத்திருந்தால் திரையில் 1119 பக்கமாக ஏதாவது வர வேண்டும். வந்தது 1000. உருண்டையாக, ஒட்டாமல் சிதறாமல், ஆயிரம். 300-ஐ 0.3-ஆல் வகுத்த ஆயிரம்.

இதுதான் இந்த மிஷின் மேல் எனக்கு உள்ள உண்மையான புகார். திரைக்காக முழுமையாக்கிய எண்ணையே எடுத்துத் தன் கணக்கையும் போடுகிறது. இம்மாதிரி மிஷின்களில் பரவலாக இருக்கும் எச்எக்ஸ்711 போன்ற சில்லுகள் 24 பிட் ரகம். எடை தாங்கும் கம்பி கொடுக்கும் மின்னழுத்தத்தை ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகளாகப் பிரிக்கக்கூடியவை. கீழ்ப்படிகளில் பாதிக்கு மேல் இரைச்சலில் போய்விடும், அதைக் கழித்தாலும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்க முடியாமல் போகாது. உள்ளே தெரிந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரையில் இருப்பதை எடுத்துக் கணக்குப் போடுவது சோம்பேறித்தனம். தேர்வில் விடையை இடையிலேயே முழுமையாக்கிவிட்டு மேலே கணக்குப் போடும் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் சுழித்து வைப்பார்கள். இதைச் செய்த பொறியாளர் அந்த வகுப்புக்கு மட்டம் போட்டிருப்பார் போல.

உள்ளே தெரியும் என்று நான் எப்படிச் சொல்கிறேன்? காகிதத்தை வைத்து. இதை நீங்களும் செய்து பார்க்கலாம், நன்றாகப் பொழுது போகும். பிரிண்டருக்குப் போடும் ஏ4 தாள் பெரும்பாலும் 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம். ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு தாள் 5 கிராம். அதை நீளவாக்கில் பத்தும் அகலவாக்கில் ஐந்துமாக வெட்டினால் 50 துண்டு, ஒவ்வொன்றும் 0.1 கிராம். பைசா செலவில்லாத எடைக்கற்கள். ஈரக் காற்றில் தாள் கொஞ்சம் கனக்கும், அது இந்தச் சோதனைக்குப் பெரிய விஷயமில்லை.

100 கிராம் கல்லை வைத்தேன், திரையில் 100. அதன் மேல் காகிதத் துண்டு ஒவ்வொன்றாக. நான்கு வரை அசையவில்லை, ஐந்தாவதில் 101 ஆனது. அதாவது 100.5-ஐத் தாண்ட அதற்கு 0.4-க்கும் 0.5-க்கும் இடையில் தேவைப்பட்டது. ஆகவே கல் மட்டும் இருந்தபோது மிஷின் உள்ளுக்குள் 100.0-க்கும் 100.1-க்கும் நடுவே எதையோ வைத்திருந்தது. 200 கிராமுக்கு நான்காவது துண்டில் மாறியது. 500-க்கு இரண்டாவது துண்டிலேயே மாறிவிட்டது. பிறகு எல்லாக் கல்லையும் சேர்த்து ஒரு கிலோ வைத்தேன். காகிதமே தேவைப்படவில்லை, நேராக 1001.

பார்த்தீர்களா, எடை ஏற ஏற ஒரு பிழை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கிலோவுக்கு முக்கால் கிராம் பக்கம் கூடுதலாகக் காட்டும் பழக்கம் இந்த மிஷினுக்கு. 100-லும் 200-லும் 500-லும் அது முழுமையாக்கலுக்கு அடியில் பத்திரமாக ஒளிந்திருந்தது. காகிதம் வைக்காமல் கல்லை மட்டும் வைத்துப் பார்ப்பவர் 'மூன்று இடத்திலும் கச்சிதம்' என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார். பெட்டி மேல் 'துல்லியம் 1 கிராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மீச்சிற்றளவு வேறு, துல்லியம் வேறு. ஒரு கிராம் படியில் காட்டும் என்பது, ஒரு கிராமுக்குள் உண்மையைச் சொல்லும் என்ற வாக்குறுதி ஆகாது. இதே கணக்கில் போனால் 5 கிலோவில் மூன்றேமுக்கால் கிராம் பக்கம் தள்ளி நிற்கும். என்னிடம் 5 கிலோவுக்குக் கல் இல்லாததால் வைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் பாசிமணி எண்ணுவதற்கு அந்தப் பிழை ஒன்றும் செய்யாது. மாதிரியையும் அதே விகிதத்தில் கூட்டிக் காட்டும், பொட்டலத்தையும் அதே விகிதத்தில் கூட்டிக் காட்டும், வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். முழுமையாக்கல் பிழை அப்படி அடிபடாது. மாதிரியில் ஏறிய 0.32 பொட்டலம் வரை கூடவே வரும்.

காகிதத்தால் இன்னொன்றும் தெரிந்தது. மிஷின் தசமத்தை வெறுமனே வெட்டிப் போடவில்லை, நியாயமாகப் பாதியில்தான் மேலே ஏற்றுகிறது. வெட்டுகிற ரகமாக இருந்தால் 100 கிராம் கல் ஒன்பது பத்துத் துண்டு வரை அசையாமல் தாங்கியிருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. பாதியில் முழுமையாக்கினால் சில சமயம் கூடும், சில சமயம் குறையும், பல முறை செய்தால் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். வெட்டினால் எப்போதும் ஒரே பக்கம்தான் சரியும். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் அதைத் திருத்தி எழுதி, மூன்று தசமத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இழப்பு. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் எண் 524.811-ல் நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் 1098.892 இருந்திருக்க வேண்டும். சந்தை ஏறியிருக்கிறது, எண் பாதியாகியிருக்கிறது. இதைக் கேட்ட மகள் தன் கணக்குத் தாளில் எங்கெங்கே ரவுண்டு செய்திருக்கிறாள் என்று தேடிப் போய்விட்டாள். எனக்கு அதுவே பெரிய வெற்றி.

சரியாகப் பாதி வந்தால், உதாரணமாக 2.5 என்றால், மேலேயா கீழேயா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. சின்ன வகுப்பில் மேலே என்போம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில், முந்தைய இலக்கம் இரட்டை என்றால் விட்டுவிடு, ஒற்றை என்றால் ஒன்று கூட்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்போது 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். எல்லாப் பாதிகளும் மேலேயே ஏறிக் கூட்டுத்தொகை வீங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1985-ல் வந்த ஐஈஈஈ 754 தரமும் கணினிகளுக்கு இதையே இயல்பு வழியாக வைத்தது. இந்த மிஷின் எந்தக் கட்சி என்று 0.1 கிராம் காகிதத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதில் எனக்குச் சின்ன வருத்தம்.

கதைக்கு வருகிறேன். பத்து மணி மாதிரி வைத்து ஏமாந்தபின், மிஷினில் 25, 50, 100 என்றும் மாதிரி வைக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்தோம். கையேடு நான்கு பக்கம், எறும்புக்காக அச்சடித்தது போன்ற எழுத்து. மகள் 50-ஐத் தேர்ந்தெடுத்தாள். பத்தைவிட ஐம்பது நல்லதுதானே. நானும் தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் செய்தி அனுப்பினார், ஒரு பொட்டலத்தில் 486 மணிதான் இருக்கிறது, பாதி வேலையில் நிற்கிறேன் என்று. அறுபது கூடுதலாகப் போனபோது ஊமையாக இருந்த உலகம், பதினாலு குறைந்ததும் பேசிவிட்டது. அன்றைக்குத்தான் இரண்டாவது டேப்.

கணக்கு இது. 50 மணி 13.4 கிராம், திரையில் 13. ஒரு மணி 0.26 என்று ஆகிவிடும். 500 என்று திரை காட்டும்போது தட்டில் 130 கிராம்தான் இருக்கும், அதாவது 485 மணி. 25 மணி மாதிரி வைத்திருந்தால் 6.7 கிராம் 7 ஆகி, 500-க்கு 522 போயிருக்கும். 100 வைத்திருந்தால் 26.8 கிராம் 27 ஆகி, 504. மாதிரி பெரிதாகப் பெரிதாகப் பிழை சுருங்குகிறது, ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த மணியின் எடை எந்த எண்ணுக்குப் பக்கத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. நீல மணிக்குக் கூடும், அதைவிடக் கொஞ்சம் கனத்த பச்சை மணிக்குக் குறையும். முன்கூட்டியே சொல்ல முடிவது எல்லை மட்டும்தான். பத்து மணியில் திரை 3 என்றால், அரை கிராமை மூன்றால் வகுத்துப் பாருங்கள், நூற்றுக்குப் பதினேழு. ஐம்பது மணியில் 13 என்றால் நூற்றுக்கு நாலு. நூறு மணியில் 27 என்றால் இரண்டுக்கும் கொஞ்சம் கீழே. கையேட்டில் ஒரே ஒரு வரி, 'மாதிரியின் எடை திரையில் குறைந்தது 100 ஆக இருக்கட்டும்' என்று போட்டிருந்தால் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது டேப் மிச்சமாகியிருக்கும்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடுகிறது, சொல்லிக் கொடுத்த மாதிரியும் மறந்துவிடுகிறது. போனில் பேசிவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. தட்டின் மூலையில் கல்லை வைத்தால் நடுவில் காட்டுவதைவிட ஒரு கிராம் கூடுகிறது, ஆகவே நடுவில் வையுங்கள்.

காலித் தட்டில் மெதுவாகக் கொட்டாதீர்கள். காலித் தட்டில் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக, நிதானமாக வைத்துப் பார்த்தேன். ஐம்பதும் வைத்து முடித்தேன், திரை 0 என்றே நின்றது. ஐந்து கிராம் முழுசாக ஏப்பம். எல்லாவற்றையும் ஒரே அள்ளில் எடுத்ததும் -5 என்று காட்டியது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தெரியும் சின்ன அசைவுகளைத் தூசி என்றோ சூட்டால் வந்த நகர்வு என்றோ எடுத்துக்கொண்டு, தானாகவே பூஜ்யத்தைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. பல மிஷின்களில் இருக்கிறது, கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. ஆனால் கால் கிராம் மணியை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ண நினைப்பவருக்கு இது குழி. முதலில் ஒரு கிண்ணத்தை வையுங்கள், அதன் எடையைப் பொத்தானால் கழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

அவுன்சுக்கு மாற்றும் பொத்தானையும் தொடாதீர்கள். அழுத்தியதும் இரண்டு தசம இலக்கம் தெரியும், ஆஹா என்று இருக்கும். 134 கிராமுக்கு 4.75 அவுன்சு காட்டியது. அதன் படி 0.05 அவுன்சு, கிராமில் சொன்னால் கிட்டத்தட்ட 1.4. தசமம் கூடியது, பார்வை மங்கியது. உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிறோமே, அதிலும் இதே மயக்கம் உண்டு. ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஹ் 1868-ல் வெளியிட்ட நூலில் சொன்னது 37 டிகிரி செல்சியஸ், ஒரு முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் 98.6 ஆகி, ஏதோ பத்தில் ஒரு டிகிரி வரை அளந்து வைத்தது போலத் தோற்றம் வந்துவிட்டது. 98.7 என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் ஆட்கள் எங்கள் வீட்டிலும் உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒரே பொட்டலத்தைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்தேன். ஒன்பது முறை 134, ஒரு முறை 135. எல்லை ஓரத்தில் நிற்கும் எடை அப்படித்தான் தடுமாறும். அது போக, சொன்னதையே திரும்பச் சொல்கிறது. நிலையாக நிற்கும் கருவியின் பிழையை நாம் கழித்துவிடலாம், அலைபாயும் கருவியை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் டேப்பைப் பிரித்தேன். யாருக்கு ஆகும் என்று கேட்டால், பெரிய திருகாணி, பொத்தான், நாணயம் மாதிரி ஒவ்வொன்றும் பல கிராம் வரும் பொருளை எண்ணுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மணி, ஜமிக்கி எண்ணுகிறவர்கள் 0.1 அல்லது 0.01 கிராம் படி உள்ள சின்ன மிஷினைப் பார்ப்பது மேல். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மூன்றரைதான் மனதில் இருந்தது, எண்ணும் பொத்தானை நினைத்ததும் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கிவிட்டேன்.

இப்போது நாங்கள் எண்ணும் பொத்தானைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு ரக மணியிலும் 500-ஐ ஒரே ஒரு முறை கையால் எண்ணி, எடையை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நீல மணி 134. அதில் அரை கிராம் மறைந்திருக்கலாம், நிரப்பும்போது இன்னொரு அரை கிராம் மறையலாம், இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் ஒரு கிராம், அதாவது நாலு மணி. மணிக்கு மணி இருக்கும் சின்ன வித்தியாசம் 500-ல் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும், முழுக்க ஆகாது. பொட்டலத்தின் மேல் '500, நாலு கூடக் குறைய' என்று அச்சடிக்கலாம் என்றேன்.

"அப்பா, அதைப் படிச்சா யாரும் வாங்க மாட்டாங்க. 'குறைந்தது 500'னு போட்டுடலாம். எத்தனை கிராம் நிரப்பணும், அதை மட்டும் சொல்லுங்க."

கணக்குப் போட்டேன். 135 காட்டினால் மயிரிழையில் தப்பிக்கும். 136 காட்டினால் உள்ளே 135.5-க்குக் குறையாது, 503 மணிக்கு மேல் உறுதி, எவ்வளவு போனாலும் 511 தாண்டாது. அறுபது மணி போன இடத்தில் ஏழெட்டு மணி போகட்டும். 136 என்று மகள் அட்டையில் சிவப்பில் திருத்தினாள்.

நேற்று ராத்திரி மனசு கேட்காமல், ஒட்டி வைத்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி எண்ணினேன். 507. இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எண்ணினேன். 506. மூன்றாவது தடவை நூற்றி இருபதில் இருக்கும்போது மகள் வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.